அதையும் சொல்ல வேண்டுமா?



எங்கள் உம்மாவின் வட்டிலப்பத்துக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. பெருநாள் வந்துவிட்டால் அடுத்த வீட்டாரும் அதற்கடுத்த வீட்டாரும் ஒரு துண்டுக்காகக் காத்திருப்பார்கள். என் தங்கை மணமுடித்து வேறூர் போன பின்னர் வந்த முதல் நோன்புப் பெருநாளுக்கு, உம்மாவிடம் தொலைபேசியில் செய்முறை கேட்டு ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டாள். முட்டை இத்தனை, கருப்பட்டி இவ்வளவு, தேங்காய்ப் பால், ஏலம், சாதிக்காய் என ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் மாமி வீட்டில் முதன் முதலாக அவள் அவித்தெடுத்த வட்டிலப்பத்தின் மேல் ஒரு விரற்கடைக்குத் தண்ணீர் நின்றதாம்.

"பாத்திரத்தின்ட வாய மூடிக் கட்டணும் எண்டு நீங்க சொல்லல்லியே உம்மா!" என்று அவள் அழுதாள்.

"அதையும் சொல்லணுமா புள்ள? அது எல்லாருக்கும் தெரியும்தானே!" என்றார் உம்மா.

சகோதரிகளே, இந்தக் கதையை நான் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் சில வருடங்களுக்கு முன்னர், உம்மா செய்த அதே தவறை நானும் செய்தேன். என் தவறினால் வீணானது வட்டிலப்பம் அல்ல. ஒரு விதவைத் தாயின் வீட்டில் ரமழானின் முதற் பத்து நாட்கள் அடுப்பு சரியாக எரியவில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நஹ்வும் பிக்ஹும் படித்துக் கொடுக்கும் ஒரு மௌலவிக்குக் கம்பியூட்டரோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை ஒரு மாணவனின் கேள்வியில் ஆரம்பித்தது. வியாபாரச் சட்டங்கள் பற்றிய பாடத்தில் பிறர் உரிமைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நூல் எழுதியவனின் உரிமையும், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனின் உரிமையும் ஷரீஆவினால் பாதுகாக்கப்பட்டவை என 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்ததை எடுத்துச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "உஸ்தாத், நம்மட ஒபிஸ் கம்பியூட்டர்ல போட்டிருக்கிறதும் களவுக் கொப்பிதானே?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசாரித்தேன். அவன் சொன்னது உண்மை.

பணம் கொடுத்து வாங்க வசதியில்லை. களவாகப் பாவிக்கவும் மனமில்லை. அப்போதுதான் மூன்றாவது வழியொன்று இருப்பதை அறிந்தேன். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் பலர் தாம் எழுதிய மென்பொருளை யாரும் பாவிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுத்தில் அனுமதி தந்து வெளியிடுகிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் 1983 இல் இதனை ஓர் இயக்கமாக அறிவித்தார். இவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்றும் திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்வர். கடிதம் எழுதவும் கணக்குப் பட்டியல் போடவும் உதவும் 'லிப்ரெ ஒபிஸ்' அவற்றில் ஒன்று. 2010 இல் அந்தப் பெயரில் தொடங்கி இன்றுவரை வளர்ந்து வருகிறது. அல்ஹம்துலில்லாஹ், எங்கள் கம்பியூட்டரில் அதைப் போட்டோம். மனம் நிம்மதியடைந்தது.

ஆனால் ஹலாலான பொருள் கையில் இருந்தும் அதைப் பாவிக்கத் தெரியவில்லை!

எங்கள் ஊரின் பைத்துல்மால் பட்டியல் அதுவரை ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தது. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்கள். அந்தக் கையெழுத்தைப் பொருளாளர் ஹாஜியாரைத் தவிர வேறெவராலும் வாசிக்க முடியாது. அவர் நோய்வாய்ப்பட்ட ஒரு மாதம் உதவி எதுவுமே போகவில்லை. எனவே பட்டியலைக் கம்பியூட்டரில் ஏற்ற முடிவு செய்தோம். அந்த மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் பல நூறு பக்கக் கைந்நூல் இருக்கிறது. அதையும் தொண்டர்களே எழுதி இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதனால் என்ன பயன்?

அறபுக் கல்லூரியில் நாங்கள் இப்னு மாலிக்கின் அல்பிய்யாவைப் படிப்போம். நஹ்வுக் கலை முழுவதையும் ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் அடக்கிய நூல் அது. அதன் ஆசிரியர் இந்தக் கலையில் ஒரு கடல். ஆனால் அவருடைய மூலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவன் கரை சேர மாட்டான். அவருக்குப் பின்னர் வந்த இப்னு அகீல் எழுதிய ஷரஹ் பக்கத்தில் இருக்க வேண்டும். மூலம் எழுதுவது ஒரு பணி; அதற்கு விளக்கம் எழுதுவது இன்னொரு பணி. இரண்டாவது பணி முதலாவதை விடத் தாழ்ந்தது என எந்த ஆலிமும் சொன்னதில்லை. மென்பொருளும் அப்படித்தான். எங்கள் ஊருக்கு ஒரு ஷரஹ் தேவைப்பட்டது.

என் மனைவி ஏழு பெண்களைச் சேர்த்தார். உயர்தரம் முடித்துப் பெறுபேறுக்குக் காத்திருந்த இருவர், ஓர் ஆசிரியை, குர்ஆன் மத்ரஸாவின் முஅல்லிமா ஒருவர், வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் மூன்று தாய்மார். வியாழக்கிழமை அஸருக்குப் பின்னர் மத்ரஸா மண்டபத்தில் கூடினார்கள். மென்பொருளின் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொருவருக்குப் பிரித்துக் கொடுத்தேன். பட்டியலை ஒழுங்குபடுத்தும் பகுதியை நானே எழுதினேன். ஆறு வாரங்களில் அழகான அட்டையோடு ஒரு கையேடு தயாரானது. போட்டோ கொப்பி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தோம். என் உள்ளத்தில் ஒரு பெருமை தோன்றியது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அந்த வருட ரமழானில் உலர் உணவுப் பொதிகள் முதன் முறையாகப் புதிய பட்டியலின்படி பகிரப்பட்டன. பட்டியலை அகர வரிசையில் ஒழுங்குபடுத்துவது எப்படி என நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பெயர்கள் உள்ள நிரலைத் தெரிவு செய்து, வரிசைப்படுத்துக."

பொறுப்பாக இருந்த தங்கச்சி அப்படியே செய்தாள். திரையில் ஒரு கேள்வி வந்தது. பக்கத்து நிரல்களிலும் விபரங்கள் உள்ளன, அவற்றையும் சேர்த்து ஒழுங்குபடுத்தவா, தெரிவு செய்ததை மட்டுமா என்று கேட்டது. கையேட்டைப் பார்த்தாள். அங்கே இந்தக் கேள்வியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "தெரிவு செய்ததை மட்டும்" என்பதை அழுத்தினாள். பெயர்கள் மட்டும் இடம் மாறின. ஒவ்வொரு பெயருக்கும் நேரே இருந்த குடும்ப அங்கத்தவர் தொகையும் குறிப்புகளும் அசையாமல் நின்றன. எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு இருவருக்கான பொதி போனது. இத்தாவில் இருந்த ஓர் இளம் விதவையின் பெயருக்கு நேரே "வேறூர் சென்றுவிட்டார்" என்ற குறிப்பு வந்து நின்றது. அவருக்கு ஒன்றுமே போகவில்லை.

எட்டுப் பேர் குடும்பத்தார் கேட்டு வந்தபோதுதான் சந்தேகம் வந்தது. பழைய கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்த நாள் நோன்பு பத்து. அன்று மாலையே என் மனைவியும் அந்தத் தங்கச்சியும் விதவையின் வீட்டுக்குப் போனார்கள். "ஏன் ராத்தா, ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல?" என்று கேட்டதற்கு அவர், "இந்த முறை எங்களுக்கு எழுதப்பட்டது இவ்வளவுதான் எண்டு நினைச்சிட்டன்" என்றாராம். கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள்.

தங்கச்சி அழுதழுது, இனிமேல் கம்பியூட்டர் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. எழுதியிருந்ததைத்தான் செய்தாள். அந்தக் கேள்வி திரையில் வருவது எனக்குத் தெரியும். நான் பல தடவை சரியான பதிலை அழுத்தியிருக்கிறேன். அது எல்லாருக்கும் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன். தராவீஹுக்குப் பின்னர் நிர்வாகத்தினர் கூடியபோது, பிழை என்னுடையது என்று சொன்னேன். அந்த விதவைச் சகோதரியிடம் என் மனைவி மூலமாக மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். அல்லாஹ்வும் மன்னிப்பானாக.

அதன் பிறகுதான், உலகில் இந்த வேலையைச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அந்தத் தேடலில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது நான் கல்லூரியிலிருந்து வெளியேறிய புதிது. முகாமொன்றில் பெயர் எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது. காணாமற் போனவர்கள் ஒரு கொப்பியில், மீண்டவர்கள் இன்னொரு கொப்பியில். ஒரு தாய் ஒரு முகாமிலும் அவருடைய பிள்ளை வேறொரு முகாமிலும் இருக்க, இரண்டு கொப்பிகளும் சந்திக்காமலே நாட்கள் கழிந்தன. இலங்கையில் மட்டும் 30,000 க்கும் அதிகமானோர் மரணித்த அந்த நாட்களில், இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக இந்நாட்டின் கணினித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதற்குச் 'சஹானா' என்று பெயரிட்டார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதனைத் திறந்த மூலமாகவே வெளியிட்டார்கள். 2005 இல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோதும், 2010 இல் ஹெயிட்டியில் அதிர்ந்தபோதும் அது உதவியது. சமூக நலனுக்கான விருதொன்றைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கு அதற்கே வழங்கியது. எங்கள் கண்ணீரிலிருந்து பிறந்த ஒன்று பிறர் கண்ணீரைத் துடைத்திருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்!

ஆனால் அந்த மென்பொருளுக்கும் ஒரு ஷரஹ் வேண்டியிருந்தது. அனர்த்தம் நடந்த இடத்தில், தூக்கமில்லாமல் நிற்கும் ஒரு தொண்டனுக்கு அதை எப்படிப் பாவிப்பது என்று யார் சொல்வது? 2011 ஒக்டோபரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கூகுள் நிறுவனத்தின் இடத்தில் ஒரு முகாம் நடந்தது. நான்கு திறந்த மூலத் திட்டங்களின் தொண்டர்கள் கூடினார்கள். சஹானாவின் புதிய வடிவமான 'சஹானா ஈடன்', உலக வரைபடம் வரையும் 'ஓபன் ஸ்ட்ரீட் மெப்', வைத்தியசாலைப் பதிவுகளுக்கான 'ஓபன் எம்.ஆர்.எஸ்', 'கே.டி.ஈ' ஆகியவை அவை. ஒரே இடத்தில் அமர்ந்து, ஒருவர் எழுத மற்றவர் திருத்த, அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே நான்கு நூல்களை முடித்தார்கள். தனித்தனியே வீட்டிலிருந்தால் வருடக் கணக்கில் இழுபடும் வேலை, கூடியிருந்ததால் நாட்களில் முடிந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு, பழைய கையேட்டை ஒதுக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். அழுத தங்கச்சியை என் மனைவி போய்க் கூட்டி வந்தார். உங்கள் ஊரிலும் யாராவது இப்படி முயன்றால் உதவும் என்பதற்காக நாங்கள் கற்றதைச் சொல்கிறேன்.

முதலாவது, மென்பொருளின் பகுதிகளைத் தலைப்பாக வைக்காமல், செய்ய வேண்டிய வேலையைத் தலைப்பாக வைத்தோம். "புதிய குடும்பமொன்றைப் பட்டியலில் சேர்ப்பது எப்படி?", "ஒருவருக்கு இரு தடவை எழுதப்பட்டதைக் கண்டுபிடிப்பது எப்படி?" வேலைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் இல்லை.

இரண்டாவதுதான் மிக முக்கியமானது. எழுதியவர் தன் பக்கத்தைத் தானே சரிபார்க்கக் கூடாது. அதைத் தெரியாத ஒருவர் பார்க்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தையல் இயந்திரத்தால் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு ராத்தா. "எனக்கு ஒண்டும் தெரியாதே" என்று வெட்கப்பட்டார். "அதனால்தான் உங்களைக் கூப்பிட்டோம்" என்று பெண்கள் அவரை உட்கார வைத்தார்கள். அவர் வாசித்து வாசித்துச் செய்வார். எழுதியவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும். ராத்தா எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பிழை கையேட்டில்தான், ராத்தாவில் அல்ல. இது எங்கள் சட்டம்.

முதல் நாளே "கோப்பைத் திறக்கவும்" என்ற வரியில் நின்றுவிட்டார். "எந்தக் கோப்பய? தேத்தண்ணி குடிக்கிறதயா?" என்று கேட்டார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அன்றோடு கோப்பு போய் 'பைல்' வந்தது. ஒரு கட்டத்தில் எண்கள் இருந்த இடத்தில் வேலியைப் போல் குறுக்கும் நெடுக்குமான கோடுகள் தெரிய, எல்லாம் அழிந்துவிட்டதென்று பதறினார். நிரலின் அகலம் போதாவிட்டால் அப்படித்தான் தெரியும். அகலமாக்கினால் எண்கள் திரும்ப வரும். இதை எங்களில் எவரும் எழுதியிருக்கவில்லை. தொலைபேசி இலக்கம் எழுதினால் முன்னாலுள்ள பூச்சியம் காணாமற் போவதையும் அவர்தான் பிடித்தார். அந்த நிரலை முதலில் 'எழுத்து' என்று வகைப்படுத்திவிட்டே இலக்கங்களை எழுத வேண்டும். அந்தப் பூச்சியம் போனால், அவசரத்துக்கு அந்த வீட்டுக்கு அழைக்க முடியுமா?

மூன்றாவது, ஒரு பொருளுக்கு ஒரே சொல். எங்கள் பாடசாலைப் புத்தகத்தில் நிரல், நிரை என்று படித்தோம். இந்தியத் தமிழில் நெடுவரிசை, வரிசை என்பார்கள். ஆளுக்கொரு சொல் எழுதினால் வாசிப்பவர் குழம்புவார். எனவே முதல் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்தோம்.

நான்காவது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திகதியும் மென்பொருளின் பதிப்பு இலக்கமும். லிப்ரெ ஒபிஸ் வருடத்துக்கு இரு தடவை புதிய பதிப்பாக வருகிறது. திகதியில்லாத கையேடு போன வருட நோன்புக் கலண்டரைப் போன்றது. பார்வைக்கு அழகாக இருக்கும். நம்பினால் நேரம் தவறும்.

ஐந்தாவது, தொண்டர்களின் நேரம் இரவல் வாங்கிய பொருள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், விருந்தினர் வருவார்கள். எழுவரில் ஒருவர் திருமணமாகிப் போனார், இன்னொருவர் கணவரோடு கட்டார் சென்றார். முழுப் பகுதியை ஒருவரிடம் ஒப்படைத்ததுதான் முன்னர் நான் செய்த இன்னொரு தவறு. இப்போது அரை மணி நேரத்தில் முடியும் துண்டுகளாகவே கொடுக்கிறோம். முடிக்காதவரைக் கேள்வி கேட்பதில்லை. முடித்தவருக்கு நன்றி சொல்ல மறப்பதுமில்லை.

கையேட்டின் முன் பக்கத்தில் எழுதியவர்களின் பெயர்களைப் போட்டோம். பெருமைக்காக அல்ல. அறிவிப்பாளர் யார் என்று தெரிந்தால்தானே சந்தேகம் கேட்கலாம்? தையல் ராத்தா மட்டும், "என்ட பெயரப் போடாதீங்க, கூலி குறைஞ்சிரும்" என்று மறுத்துவிட்டார். "ஒரு சகோதரி" என்று போட்டோம். யாரும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம் என்ற அனுமதியையும் கீழே எழுதினோம். நமக்கு அப்படிக் கிடைத்ததை நாமும் அப்படியே கொடுப்பதுதானே முறை?

இருபத்து நான்கு பக்கங்கள். அடுத்த ரமழானில் பட்டியலைத் தயாரித்தவர் அதே தங்கச்சிதான். திரையில் அந்தக் கேள்வி வந்தபோது, என்ன அழுத்த வேண்டும் என்பது கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. அச்சான பட்டியலில் அவள் முதலில் தேடியது அந்த விதவைச் சகோதரியின் பெயரை. பெயரும் இருந்தது, நேரே நான்கு என்ற எண்ணும் இருந்தது.

சகோதரிகளே, நம் பாட்டிமார் அறபுத் தமிழ்க் கிதாபுகளை மடியில் வைத்து, தொழுகையின், நோன்பின் சட்டங்களைக் கற்றார்கள். பெரிய அறபு நூல்களில் இருந்ததை, வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும் விளங்க வேண்டும் என்று யாரோ சில ஆலிம்கள் உட்கார்ந்து எழுதியதால்தான் அந்தக் கல்வி அடுப்படி வரை வந்தது. மரணத்தின் பின்னரும் நன்மை சேர்க்கும் காரியங்களில் பயன்தரும் கல்வியும் ஒன்றென்பதை நாம் அறிவோம். அந்தப் பயன் கற்றவரின் உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது. கற்காதவரின் கையில் வந்து சேர வேண்டும்.

உங்களில் பலர் அண்மையில்தான் கம்பியூட்டரோ கையடக்கத் தொலைபேசியோ பாவிக்கப் பழகியிருப்பீர்கள். எனக்கு என்ன தெரியும் என்று எண்ணாதீர்கள். எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்பது உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நிபுணர்கள் அதை மறந்துவிட்டார்கள். அந்த ஞாபகம் மங்குவதற்குள் ஒரு கடதாசியில் எழுதி, பக்கத்து வீட்டுத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் தடுமாறினால் சிரிக்காதீர்கள். அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.

என் தங்கையின் வீட்டில் இப்போது வட்டிலப்பம் நன்றாகவே வருகிறது. அவளுடைய மகள் எழுதி வைத்திருக்கும் கொப்பியில் முதல் வரி என்ன தெரியுமா? "பாத்திரத்தின் வாயை மூடிக் கட்டவும்."

வல்ல அல்லாஹ் நாம் கற்றதைப் பிறருக்குப் பயனுள்ளதாக ஆக்குவானாக! ஆமீன்.